மனசு ஒன்று சொல்ல, உடம்பு வேறொன்று சொல்லுமா? டென்ஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனசு பதறினால் உடம்பும் பதறும், மனசு அமைதியாக இருந்தால் உடம்பும் அமைதியாக இருக்கும் என்றுதான் நம்மில் பெரும்பாலானோர் நம்புகிறோம். அதனால்தான் ஒருவர் முகத்தைப் பார்த்தே “இவருக்கு ஒன்றுமில்லை” என்று முடிவுகட்டிவிடுகிறோம். இதை அளந்து பார்த்தவர்களின் முடிவு வேறு. என் வீட்டில் நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகு இதைத் தேடித் தேடிப் படித்தேன். சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. நான் மருத்துவன் இல்லை. உடம்புக்கு முடியவில்லை என்றால் இதைப் படித்துவிட்டு இருந்துவிடாதீர்கள்.

டென்ஷன், மன அழுத்தம், மனச்சோர்வு எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. தமிழில் ‘மன அழுத்தம்’ என்ற சொல்லை இரண்டு வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறோம். பரீட்சை, கடன், ஆஸ்பத்திரி வராந்தா என்று ஏதோ ஒன்று நம்மை நெருக்கும்போது வருவது ஒன்று. வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் போகிற டிப்ரெஷன் என்னும் நோய் இன்னொன்று. அதை மனச்சோர்வு என்பதே சரி. இந்தப் பக்கத்தில் பேசுவது முதலாவதைப் பற்றி. டென்ஷன் என்றே எழுதுகிறேன், வீட்டில் அப்படித்தான் சொல்கிறோம். இன்னொரு குழப்பமும் உண்டு. ‘பிரஷர் ஏறுது’ என்று நாம் சொல்வது சில சமயம் கோபத்தை, சில சமயம் ரத்த அழுத்தத்தை. இரண்டும் எப்போதும் சேர்ந்தே ஏறுவதில்லை என்பதுதான் கீழே வரப்போகிறது.

டென்ஷன் ஆகும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது?

இரண்டு வேகத்தில் இரண்டு வேலைகள் நடக்கின்றன.

முதலாவது நரம்பு வழி. ஓரிரு நொடிகளில் இதயம் வேகமெடுக்கும், உள்ளங்கை வியர்க்கும், அட்ரினலின் சுரக்கும். ஜீரண வேலையிலிருந்து ரத்தம் தசைகளுக்குத் திரும்பும். வயிற்றில் புளியைக் கரைத்த மாதிரி என்கிறோமே, அது வெறும் பேச்சு வழக்கு இல்லை, குடல் உண்மையிலேயே தன் நடையை மாற்றிக்கொள்கிறது. சண்டைக்கோ ஓட்டத்துக்கோ உடம்பு தயாராகும் இந்த நிலையை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் விரிவாக எழுதினார்.

இரண்டாவது ஹார்மோன் வழி. மூளையின் அடியிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கும், அங்கிருந்து சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் தகவல் போய் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் வெளிவரும். இது மெதுவானது. டென்ஷன் தொடங்கி ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடம் கழித்துத்தான் உச்சத்தைத் தொடும். மேடையை விட்டு இறங்கி டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கார்ட்டிசால் உச்சத்தில் இருக்கும். இந்த நேர வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எல்லோருக்கும் ஒரே மாதிரிதானே நடக்கும்?

வெகுகாலம் அப்படித்தான் நினைத்தார்கள். 1936-இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹான்ஸ் செல்யே, எலிகளைக் குளிர், காயம், விஷப்பொருள் என்று எதற்கு உட்படுத்தினாலும் ஒரே மூன்று மாற்றங்களைப் பார்த்தார்: அட்ரினல் சுரப்பி வீங்கியது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. எந்தத் தொல்லை வந்தாலும் உடம்பின் பதில் ஒன்றே என்ற கருத்து அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது.

அதை அசைத்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜான் லேசி. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஃபெல்ஸ் ஆய்வு நிறுவனத்தில் 1950-களில் அவர் செய்தது எளிமையான வேலை. ஒரே ஆளைப் பனிநீரில் காலையோ கையையோ வைக்கச் சொல்வது, மனக்கணக்கு போடச் சொல்வது, ஒரு எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்கச் சொல்வது; ஒவ்வொரு முறையும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், தோலின் வியர்வை எல்லாவற்றையும் சேர்த்து அளப்பது. தொல்லை மாறினாலும் பலரிடம் உடம்பின் பாணி மாறவில்லை. ஒருவருக்கு எப்போதும் முந்திக்கொண்டு ஓடுவது இதயம். இன்னொருவருக்கு இதயம் அவ்வளவாக அசையாது, கை மட்டும் நனைந்துவிடும். மூன்றாமவருக்கு ரத்த அழுத்தம்.

நம் வீடுகளில் இது தெரிந்த விஷயம்தான். “அவனுக்கு எதுன்னாலும் வயித்துலதான் பிடிக்கும்”, “அவளுக்கு உடனே தலைவலி வந்துடும்” என்று அம்மாக்கள் சொல்வார்கள். லேசி அதை எண்களில் காட்டினார். கூடவே இன்னொன்றையும் கண்டுபிடித்தார். வெளியே எதையோ உன்னிப்பாகக் கவனிக்கும்போது தோல் வியர்த்தாலும் இதயத்துடிப்பு குறைகிறது. ஒரே உடம்புக்குள், ஒரே நொடியில், ஒரு பகுதி முடுக்கத்திலும் இன்னொரு பகுதி அடக்கத்திலும் இருக்கலாம். மனசுக்கும் உடம்புக்கும் நடுவில்தான் ஒத்துப்போகவில்லை என்றில்லை, உடம்பின் உறுப்புகளே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

சரி, மனசில் எவ்வளவு பதற்றமோ அதே அளவு உடம்பிலும் இருக்குமா?

இதைச் சோதிக்க உலகம் முழுக்கப் பயன்படும் முறை ஒன்று உண்டு. ஜெர்மனியின் ட்ரியர் நகரப் பல்கலைக்கழகத்தில் கிர்ஷ்பௌம், பிர்க்கே, ஹெல்ஹாமர் மூவரும் 1993-இல் வெளியிட்டது.

உங்களை ஒரு அறைக்குள் அழைத்துப் போகிறார்கள். மேசைக்குப் பின்னால் ஆய்வுக்குழுவினர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் ஓடுகின்றன. வேலைக்கான இன்டர்வியூ மாதிரி, உங்களுக்கு ஏன் இந்த வேலையைத் தர வேண்டும் என்று 5 நிமிடம் பேச வேண்டும். நீங்கள் நிறுத்தினால் அவர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிரிக்க மாட்டார்கள், தலையாட்ட மாட்டார்கள். பிறகு 1022-இலிருந்து 13, 13-ஆகக் கழித்துக்கொண்டே சத்தமாகச் சொல்ல வேண்டும்: 1009, 996, 983... ஒரு எண் தப்பினால் “தவறு, 1022-இலிருந்து” என்பார்கள். இன்னொரு 5 நிமிடம். இடையிடையே பஞ்சுச் சுருளை மென்று துப்பச் சொல்லி, அந்த எச்சிலில் கார்ட்டிசாலை அளப்பார்கள். வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை சத்தமாகக் கழித்துப் பாருங்கள். யாரும் பார்க்காதபோதே நாக்கு தடுமாறும்.

இந்தச் சோதனையில் பெரும்பாலானோருக்குக் கார்ட்டிசால் ஏறுகிறது, பலருக்கு இரண்டு மூன்று மடங்கு. எல்லோருக்கும் இல்லை. எவ்வளவு பதற்றமாக இருந்தது என்று கேட்டால் சொல்லும் எண்ணும், எச்சிலில் வரும் எண்ணும் பொருந்துகின்றனவா என்று 49 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய கட்டுரை 2012-இல் வந்தது. ஏறத்தாழ கால்வாசி ஆய்வுகளில்தான் பொருத்தம் தென்பட்டது. மற்றவற்றில் ‘ரொம்பப் பதறிவிட்டேன்’ என்றவருக்குக் கார்ட்டிசால் பெரிதாக ஏறியிருக்க வேண்டியதில்லை; ‘பரவாயில்லை’ என்றவருக்கு ஏறாமல் இருந்திருக்க வேண்டியதும் இல்லை.

அது எப்படிப் பொருந்தாமல் போகும்? ஏதோ அளவுக்கோளாறாக இருக்காதா?

ஓரளவு அதுவும் உண்டு. மனசு உச்சத்தில் இருக்கும் நேரமும் கார்ட்டிசாலின் உச்சமும் வேறு வேறு என்று மேலே சொன்னேன். இரண்டையும் ஒரே நிமிடத்தில் ஒப்பிட்டால் பொருந்தாதுதான். கேள்வித்தாளும் ஒரு பிரச்சினை: என்னுடைய ‘10-க்கு 7’ உங்களுடைய 7 இல்லை.

ஆனால் எனக்குப் படுவது, இதெல்லாம் சரிசெய்த பிறகும் இடைவெளி முழுதாக மூடிவிடாது. உடம்பு தயாராவது ஒரு வேலை. அந்தத் தயாரிப்பை உணர்வது இரண்டாவது வேலை. உணர்ந்ததற்குப் பயம், கோபம், பசி என்று பெயர் வைப்பது மூன்றாவது. அந்தப் பெயரை வெளியே சொல்வது நான்காவது. ஒவ்வொரு படியிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வருகிறது.

ஆபத்து வேளையில் கலங்காமல் நிற்பவர்களுக்கு உள்ளேயும் அமைதிதானே?

நான் இதையெல்லாம் படிக்கக் காரணமே இந்தக் கேள்விதான்.

அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தபோது, அக்கா ஐசியூ வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தாள். அம்மா அழவில்லை. இன்ஷூரன்ஸ் தாளில் கையெழுத்துப் போட்டார், யார் யார் சாப்பிட்டார்கள் என்று விசாரித்தார், அப்பாவின் வேட்டியை மடித்துப் பையில் வைத்தார். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் “அவளுக்குக் கல் மனசு” என்று சொன்னது என் காதில் விழுந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளூர அந்த எண்ணம் இருந்தது.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள், தெருமுனை கிளினிக்கில் அப்பாவுக்கு பிபி பார்த்த நர்ஸ், “நீங்களும் கையைக் குடுங்கம்மா” என்று பட்டையைச் சுற்றினார். 178/104. ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார். 174/102. அம்மாவின் விரல்கள் சில்லென்று இருந்தன. “எனக்கென்னடா, நான் நல்லாத்தான் இருக்கேன்” என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிந்தது.

1979-இல் வெய்ன்பெர்கர், ஷ்வார்ட்ஸ், டேவிட்சன் என்ற மூவர் எழுதிய ஆய்வு இதைப் பற்றியதுதான். கேள்வித்தாளில் ‘எனக்குப் பதற்றமே வராது’ என்று எழுதியவர்களை அவர்கள் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள்: நிஜமாகவே பதற்றம் குறைந்தவர்கள், பதற்றத்தை ஒதுக்கித் தள்ளிப் பழகியவர்கள். சங்கடமான சொற்றொடர்களை முடிக்கச் சொன்னபோது, இரண்டாவது பிரிவினரின் இதயத்துடிப்பும் தோல் வியர்வையும் நெற்றித் தசையின் இறுக்கமும் முதல் பிரிவினரைவிடத் தெளிவாக அதிகம். கேள்வித்தாளில் இருவரும் ஒன்று, உடம்பில் வேறு.

அழாதவருக்குக் கல் மனசு என்று சொல்லுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அழுகிறவர் நடிக்கிறார் என்று சொல்லுமுன்னும்தான்.

எனக்கு நேர்மாறு. மனசில் ஒன்றும் இல்லை, ஆனால் நெஞ்சு படபடக்கிறது, வயிறு கலங்குகிறது. ஏன்?

உடம்புக்குள்ளிருந்து வரும் செய்தியைப் படிக்கும் திறன் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. நாடியைத் தொடாமல் தன் இதயத்துடிப்பை எண்ணச் சொல்லி இதை ஆய்வாளர்கள் சோதிக்கிறார்கள். சிலர் நிஜமான எண்ணிக்கைக்கு மிக அருகில் வருவார்கள், சிலர் பாதிகூடச் சொல்ல மாட்டார்கள். தான் உணர்வதற்குப் பெயர் சொல்லவே சிரமப்படுபவர்களும் உண்டு. இவர்களுக்கு உணர்வு இல்லாமல் இல்லை. அது வயிற்றுவலியாகவோ கழுத்துப்பிடிப்பாகவோ வந்து நிற்கிறது.

இதைக் குறையாக நினைக்க வேண்டாம். நெஞ்சு திக்கென்றது, ஈரக்குலை நடுங்கியது, உடம்பு கூசியது, வயிறு எரிகிறது என்று உணர்வை உடம்பின் வழியே சொல்லும் மொழி நம்முடையது. மெய்ப்பாடு என்று நம் இலக்கணம் சொல்வதே, உள்ளத்தில் எழுந்தது மெய்யில் தோன்றுவதைத்தான். மனசைப் பற்றிக் கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பவர், வயிற்றைப் பற்றிக் கேட்டால் அரைமணி நேரம் பேசுவார். பேசவிடுங்கள், அதுவும் மனசைப் பற்றிய பேச்சாக இருக்கலாம்.

ஆனால் படபடப்பு என்றால் டென்ஷன்தான் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ரத்தசோகை, தைராய்டு கோளாறு, இதயத் துடிப்பின் ஒழுங்கின்மை எல்லாவற்றிலும் இதே படபடப்பு வரும். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

உடம்பும் மனசும் ஒத்துப்போவது நல்லதா?

நல்லதோடு தொடர்பு இருக்கிறது என்று சொல்லலாம். மேலே 1979 ஆய்வில் பார்த்த ரிச்சர்ட் டேவிட்சனே, 40 ஆண்டுகள் கழித்து 2019-இல் விஸ்கான்சின்-மாடிசன் பல்கலைக்கழகத்தில் தன் குழுவோடு இதை வேறு கோணத்தில் பார்த்தார். 1,065 பேர். ஓய்வில், கடினமான கணக்கின்போது, முடிந்த பிறகு என்று ஒவ்வொரு கட்டத்திலும் இதயத்துடிப்பையும், அவர்களே சொன்ன டென்ஷன் மதிப்பெண்ணையும் எடுத்தார்கள்.

இங்கே ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடவில்லை. ஒரே ஆளுக்குள் துடிப்பு ஏறும்போது மதிப்பெண்ணும் ஏறுகிறதா, இறங்கும்போது இறங்குகிறதா என்று பார்த்தார்கள். சிலரிடம் இரண்டும் கைகோத்து ஏறி இறங்கின. சிலரிடம் சம்பந்தமே இல்லை. சிலரிடம் எதிரெதிராகப் போயின. கைகோத்துப் போனவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வு அறிகுறிகளும் குறைவாக இருந்தன. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ஐஎல்-6 அளவுகளும் குறைவாக இருந்தன. பிரச்சினையே இல்லை என்று மறுத்துவிடும் பழக்கமும் அவர்களிடம் குறைவு.

டென்ஷன் குறைவாக இருப்பது மட்டும் கணக்கில்லை, வரும்போது வருகிறது என்று தெரிவதும் கணக்கு என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். எது காரணம், எது விளைவு என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. நலமாக இருப்பதால் ஒத்துப்போகிறதோ, ஒத்துப்போவதால் நலமோ.

பழகினால் வருமா என்று கேட்பீர்கள். 2010-இல் வந்த ஓர் ஆய்வில் விபாசனா தியானம் நெடுநாள் பழகியவர்கள், நடனக் கலைஞர்கள், இரண்டும் பழகாதவர்கள் என மூன்று குழுவினருக்குப் படக்காட்சிகளைக் காட்டி, நொடிக்கு நொடி உணர்வையும் இதயத்தையும் ஒப்பிட்டார்கள். தியானம் பழகியவர்களிடம் பொருத்தம் அதிகம், நடனக்காரர்கள் நடுவில், மற்றவர்கள் கடைசியில். மூச்சையும் உடம்பின் உணர்ச்சிகளையும் உட்கார்ந்து கவனிப்பதுதானே விபாசனா. ஆடுபவர்களும் தியானம் செய்பவர்களும் இயல்பிலேயே அப்படிப்பட்டவர்களாக இருந்திருக்கலாம் என்ற சந்தேகத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஆளுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருமா?

பலருக்குப் பழகிவிடும், சிலருக்குப் பழகாது. 1995-இல் கிர்ஷ்பௌம் குழு 20 ஆண்களை ஐந்து நாள் தொடர்ந்து அந்த ‘பேச்சும் கழித்தலும்’ சோதனைக்கு உட்படுத்தியது. 13 பேருக்கு இரண்டாம் நாளிலிருந்தே கார்ட்டிசால் ஏற்றம் அடங்கிப்போனது. 7 பேருக்கு மட்டும் நாள்தோறும் ஏறிக்கொண்டே இருந்தது. இவர்கள் சோம்பேறிகளோ கோழைகளோ இல்லை. நல்ல ஆரோக்கியமான ஆண்கள்.

பாராசூட்டில் குதிப்பவர்களை வைத்து 1960-களில் செய்த ஆய்வும் உண்டு. புதியவர்களுக்கு விமானத்திலிருந்து குதிக்கும் நொடிவரை இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். அனுபவசாலிகளுக்கும் ஏறும், ஆனால் முன்னாலேயே ஏறி, குதிப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும். அனுபவம் பதற்றத்தை அழிப்பதில்லை, அது வரும் நேரத்தை முன்னே தள்ளுகிறது.

ஆண், பெண் வித்தியாசம் உண்டா?

ட்ரியர் சோதனையில் சராசரியாக ஆண்களுக்குக் கார்ட்டிசால் ஏற்றம் அதிகம். பெண்களுக்கு மாதவிடாய்ச் சுழற்சியின் எந்தப் பகுதி, கருத்தடை மாத்திரை எடுக்கிறார்களா என்பதைப் பொறுத்து மாறுகிறது. “பொம்பளைங்கதான் சீக்கிரம் டென்ஷன் ஆவாங்க” என்பதற்கு இதில் ஆதாரம் எதுவும் இல்லை.

ஸ்மார்ட்வாட்ச் காட்டும் ஸ்ட்ரெஸ் எண்ணை நம்பலாமா?

அது பெரும்பாலும் நாடித்துடிப்பையும், துடிப்புகளுக்கு இடையிலான ஏற்ற இறக்கத்தையும் வைத்துப் போடும் கணக்கு. காபி, மாடிப்படி, காய்ச்சல், சந்தோஷம் எல்லாம் அதற்கு ஒன்றுபோலத் தெரியும். கை வியர்க்கும் வகை ஆளுக்கு அது ஒன்றுமே காட்டாமலும் போகலாம். எண்ணைப் பார்த்த பிறகு டென்ஷன் ஆகிறவர்கள் கழற்றி வைத்துவிடுவது மேல்.

நெஞ்சு படபடத்தால் பரீட்சையில், இன்டர்வியூவில் சொதப்பிவிடுவோமா?

அவசியம் இல்லை. அமெரிக்காவில் 2010-இல் வந்த ஓர் ஆய்வில், ஜிஆர்இ என்னும் மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும், தேர்வு நேரப் படபடப்பு மதிப்பெண்ணைக் கெடுக்காது, உதவவும் செய்யலாம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். மாதிரித் தேர்வின் கணக்குப் பகுதியில் அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பிறகு எழுதிய நிஜத் தேர்விலும் அப்படியே.

பிளஸ் டூ பிள்ளைகளிடம் “பயப்படாதே, பதறாதே” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். படபடப்பு வந்ததும் அந்தப் பிள்ளை, ‘ஐயோ, பதறிட்டேனே’ என்று இரண்டாவது தடவை பயப்படுகிறது. “நெஞ்சு அடிச்சுக்கும், கை வேர்க்கும், கர்ச்சீப் வெச்சுக்கோ, கேள்வித்தாளைப் படிக்க ஆரம்பிச்சா அது பாட்டுக்கு இருக்கும்” என்று சொல்லி அனுப்புவது உதவும்.

இன்னொன்று. 208 ஆய்வுகளைத் தொகுத்து 2004-இல் வந்த ஓர் அலசலில், கார்ட்டிசாலை மிக அதிகம் ஏற்றியது இரண்டும் சேர்ந்த நிலைமை: பிறர் நம்மை எடைபோடுவது, நிலைமை நம் கையில் இல்லாமல் இருப்பது. ரிசல்ட் அன்று வீட்டில் பத்துப் பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது அந்த இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதாகும்.

என் உடம்பின் பாணியை நான் எப்படித் தெரிந்துகொள்வது?

காலையில் எழுந்ததும் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து அரை நிமிடம் நாடியை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அது உங்கள் அடிப்படை எண். பிறகு டென்ஷனான ஒரு வேளையில் அதே போல எண்ணுங்கள். அதற்கு முன்பே, 10-க்கு எவ்வளவு டென்ஷன் என்று ஒரு எண்ணை மனசில் சொல்லிவிடுங்கள். உள்ளங்கை, தாடை, தோள்பட்டை, வயிறு நான்கையும் ஒரு பார்வை பாருங்கள். இரண்டு வாரம் ஒரு டைரியில் குறித்தால் போதும். நான் குறித்தபோது தெரிந்தது: என் நாடி அதிகம் ஏறுவதே இல்லை, தாடைதான் இறுகுகிறது. பல் டாக்டர், பல் தேய்ந்திருக்கிறது என்று முன்பே சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

நெஞ்சில் அழுத்தும் வலி, அது கை, தாடை, முதுகுக்குப் பரவுவது, மூச்சுத் திணறல், திடீர் வியர்வை, மயக்கம் வந்தால் டென்ஷனா கேஸா என்று யோசித்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால் இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

வீட்டில் ஒருவர் எதற்கும் “ஒண்ணுமில்ல” என்கிறார். எப்படிக் கேட்பது?

“டென்ஷனா இருக்கியா?” என்று கேட்டால் அதே பதில்தான் வரும். உடம்பைக் கேளுங்கள். ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது, சாப்பாடு இறங்குகிறதா, தலை பாரமாக இருக்கிறதா. கேட்டுவிட்டு பக்கத்திலேயே கொஞ்ச நேரம் இருங்கள். முடிந்தால் மாதம் ஒருமுறை பிபி பாருங்கள்.

கிளினிக்கிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் அம்மாவிடம் தூக்கத்தைப் பற்றித்தான் கேட்டேன். “ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து மூணு மணிக்கு முழிச்சுக்கறேன். எழுந்துபோய் உங்கப்பா மூச்சு விடறாரான்னு பாத்துட்டு வந்து படுத்துக்குவேன்” என்றார். அடுத்த வாரத்திலிருந்து நானும் அக்காவும் முறை வைத்து அப்பா அறையில் படுத்தோம். அம்மா இன்றும் பிபி மாத்திரை சாப்பிடுகிறார். கடைசியாகப் பார்த்தபோது 132/84.